ஜப்பானில் திடீர்த் தாக்குதல்கள்: பாதுகாப்பு எவ்வளவு, கெடுபிடி எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் எங்காவது கத்திக்குத்து என்று செய்தி வந்தால் போதும், நிஷி கசாயில் குடியிருக்கும் எங்கள் எல்லோருடைய போனும் ஊரிலிருந்து ஒரே நேரத்தில் அடிக்கும். புதிதாக வேலைக்கு வந்து இறங்குபவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, போலீஸும் இல்லை. தினம் தோசாய் ரயிலில் வேலைக்குப் போய், பிள்ளையை இங்கத்துப் பள்ளிக்கு அனுப்பும் ஆள், அவ்வளவுதான். தாக்கியவர்களின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. அந்தப் பெயர்களுக்கு என் பங்குக்கு விளம்பரம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் ரொம்பப் பாதுகாப்பான நாடு என்கிறார்கள். அப்புறம் ஏன் இப்படிச் செய்திகள் வருகின்றன?

இரண்டும் உண்மைதான். 2002-ல் இங்கே பதிவான குற்றங்கள் சுமார் 28.5 லட்சம். 2021-ல் அது 5.68 லட்சம், போருக்குப் பிந்தைய காலத்திலேயே மிகக் குறைவு. அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. 12 கோடிப் பேர் இருக்கும் நாட்டில் கொலையும் கொலை முயற்சியும் சேர்ந்தே பல ஆண்டுகளாக ஆயிரத்துக்குள்தான் நிற்கின்றன, அவற்றிலும் பெரும்பாலானவை தெரிந்தவர்களுக்குள் நடப்பவை. யாரென்றே தெரியாத ஒருவன் தெருவில் போகிறவர்களைத் தாக்குவது அபூர்வம். அபூர்வம் என்பதால்தான் நடந்தால் ஒரு வாரம் தொலைக்காட்சியில் வேறு பேச்சே இருக்காது. அந்த ஒரு வாரத்தில்தான் "உடனே ஏதாவது செய்யுங்கள்" என்ற குரலும் எழும். சட்டங்கள் பிறப்பது அந்தச் சூட்டில். கீழே சொல்லப்போகும் பலவற்றுக்கும் கதை இதுதான்.

'தோரிமா' என்றால் என்ன?

வழியில் கடந்து போகும் பேய் என்று பொருள். இந்த வகைத் தாக்குதலுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பழைய பெயர், செய்தித்தாளிலும் அதுதான் வரும். நம் ஊரில் உச்சிவேளையில் காற்று கருப்பு அடித்தது என்பார்களே, அந்த மாதிரி. காரணம் தேட வேண்டாம், வந்தது போனது என்ற தொனி அதில் இருக்கிறது. எனக்கு இந்தச் சொல் பிடிக்காது. பேய் என்று சொல்லிவிட்டால் அந்த ஆள் எங்கே வேலை பார்த்தான், யாரோடு பேசினான், யாரும் பேசவில்லையா என்ற கேள்விகளெல்லாம் அமுங்கிவிடும்.

அகிஹபாராவில் என்ன நடந்தது? இப்போது அங்கே போகலாமா?

தாராளமாகப் போகலாம். 2008 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். டோக்கியோவின் கடைவீதியான அகிஹபாராவில் பெரிய தெருவை ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளுக்கு அடைத்து, நடப்பவர்களுக்குத் திறந்துவிடுவது 1973-லிருந்து வழக்கம். 'பாதசாரிகளின் சொர்க்கம்' என்றே அதற்குப் பெயர். 25 வயதுத் தற்காலிகத் தொழிலாளி ஒருவன் வாடகைக்கு எடுத்த இரண்டு டன் லாரியைக் கூட்டத்துக்குள் விட்டான். பிறகு இறங்கிக் கத்தியால் குத்தினான். ஏழு பேர் இறந்தார்கள், பத்துப் பேர் காயப்பட்டார்கள். வரும் வழியெல்லாம் தான் செய்யப்போவதைக் கைப்பேசியில் ஓர் இணையப் பலகையில் எழுதிக்கொண்டே வந்திருந்தான்.

அடுத்த வாரமே சொர்க்கத்தை மூடினார்கள். மூடியது சரி என்றுதான் அன்று எல்லோரும் சொன்னோம். ஆனால் அது 'தற்காலிகமாக' மூடப்பட்டு இரண்டரை ஆண்டு ஆனது. நடுவில் கடைக்காரர்களும் குடியிருப்போரும் உட்கார்ந்து பேசினார்கள், கேமரா வைத்தார்கள், ரோந்துக் குழு அமைத்தார்கள், தெருவில் ஆட்டம் பாட்டம் கூடாது என்று விதி போட்டார்கள். 2011 ஜனவரி 23 அன்று பரிசோதனையாகத் தெருவைத் திரும்பத் திறந்தார்கள். இன்றும் ஞாயிறு மதியம் போனால் நடுத்தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் பிடித்தது கேமராவோ ரோந்தோ இல்லை. மூடிய ஒன்றைத் திறந்தார்கள் பாருங்கள், அது. அச்சத்தில் மூடப்பட்ட இடங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. யாரோ ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் அவை திறக்கும், அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

கத்திச் சட்டம் கடுமையானது என்கிறார்கள். ஊரிலிருந்து அரிவாள்மனை கொண்டுவரலாமா?

சிரிக்காதீர்கள், என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். வீட்டில் வைத்துக் காய் நறுக்கலாம். காரணமில்லாமல் வெளியே எடுத்துக்கொண்டு திரியக் கூடாது. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைத் தகுந்த காரணமின்றிக் கையில் வைத்திருந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது மூன்று லட்சம் யென் வரை அபராதம். சிறிய கத்தியை மறைத்து வைத்திருந்தாலும் சில்லறைக் குற்றச் சட்டத்தில் பிடிக்கலாம். கடையில் வாங்கிய சமையல் கத்தியைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவருவது தகுந்த காரணம். 'பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன்' என்பது தகுந்த காரணம் ஆகாது, அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பொங்கல் விழாவுக்கு அரிவாள்மனையும் தேங்காய்த் துருவியும் கொண்டுபோவதென்றால், துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை எளிதில் திறக்க முடியாதபடி கட்டிக் கொண்டுபோங்கள். ரயில் விதியும் அதைத்தான் கேட்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து சரியாகக் கட்டாத கத்தியோடு ரயிலேறத் தடை.

இந்தச் சட்டத்தில் இன்னொரு கதை இருக்கிறது. அகிஹபாராவில் பயன்பட்டது இருபுறமும் கூரான குத்துக்கத்தி. உடனே சட்டத்தைத் திருத்தி, 5.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள இருபுறக் கூர்க்கத்திகளை வீட்டில் வைத்திருக்கவே தடை போட்டார்கள். 2009 ஜனவரியில் அமலுக்கு வந்தது, கையில் இருப்பதை ஒப்படைக்க ஜூலை வரை அவகாசம். அப்போதுதான் தெரிந்தது, கடலோரத்தில் சிப்பி ஓடு பிளக்கும் கத்திகளில் பலவும் இருபுறக் கூர் உள்ளவை என்று. தலைமுறையாகச் சிப்பி உரித்த கிழவிகள் சட்டத்தின் முன் வாள் வைத்திருப்பவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் கத்தியை ஒப்படைத்தார்கள், அல்லது முனையைத் தேய்த்து மாற்றிக்கொண்டார்கள்.

2023 மே மாதம் நாகானோவில் ஒருவன் நான்கு பேரைக் கொன்றான், அதில் இருவர் போலீஸார். அதற்குப் பிறகு வேட்டைத் துப்பாக்கியில் ஒரு வகைக்கு விதியை இறுக்கினார்கள். அப்போது ஹொக்காய்தோ வேட்டைக்காரர்கள் 'அப்படியானால் கரடியை யார் பார்ப்பது?' என்று கேட்டார்கள். அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. சிப்பிக் கிழவிகளைவிட வேட்டைக்காரர்களுக்குக் குரல் பெரிது போலும். புதுக் கட்டுப்பாடு எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: குற்றவாளியைத் தவிர வேறு யார் தலையில் இது விழுகிறது, அவர்களிடம் கேட்டார்களா?

பெட்ரோலைக் கேனில் வாங்க முடியாதாமே?

வாங்கலாம். அடையாள அட்டை காட்ட வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், கடைக்காரர் எழுதி வைத்துக்கொள்வார். 2019 ஜூலை 18 அன்று கியோட்டோவில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதில் 36 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2020 பிப்ரவரியில் வந்த விதி இது. 2021 டிசம்பரில் ஒசாகாவில் ஒரு மருத்துவமனைக்குத் தீ வைக்கப்பட்டபோது இந்த விதி அமலில்தான் இருந்தது. அந்த ஆள் மோட்டார் சைக்கிளுக்கு என்று சொல்லிப் பெட்ரோல் வாங்கியிருந்ததாகச் செய்தி வந்தது. அதனால் விதி வீண் என்று சொல்ல மாட்டேன். தீர்மானித்துவிட்டவனை அது தடுக்காது. தடுமாறிக்கொண்டிருப்பவனை ஒரு வேளை தடுக்கும். கார் வைத்திருப்பவருக்கு இதனால் ஆகும் தொல்லை இரண்டு நிமிடம். இந்த விலைக்கு இது பரவாயில்லை என்பது என் கணக்கு.

சென்னை மெட்ரோவில்கூட பையை ஸ்கேனரில் போடுகிறோம். ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஏன் சோதனையே இல்லை?

முதல் முறை ஏறியபோது எனக்கும் இதே திகைப்புதான். மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி. டிக்கெட்டைத் துளையில் விட்டால் கதவு திறக்கிறது, நேரே போய் உட்கார்ந்துவிடலாம்.

காரணம் எளிது. டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் நோசோமி என்ற ஷிங்கான்சென் வண்டி மட்டும் நெரிசலான மணியில் பன்னிரண்டு வரை கிளம்புகிறது. ஷின்ஜுகு நிலையத்தில் ஒரு நாளைக்குச் சுமார் முப்பது லட்சம் பேர் ஏறி இறங்குகிறார்கள். எல்லோர் பையையும் சோதிப்பதென்றால் ரயிலை நிறுத்திவிடலாம். தவிர, சோதனைக்கு நிற்கும் வரிசையே கூட்டம்தானே. தாக்க வருகிறவனுக்கு உள்ளே போக வேண்டிய வேலையே இல்லாமல் போய்விடும்.

2015-ல் ஒருவர் ஓடும் ஷிங்கான்சென்னில் தன் மேல் தீ வைத்துக்கொண்டார். 2018 ஜூனில் 22 வயதுப் பையன் ஒருவன் கோடரியோடும் கத்தியோடும் பக்கத்து இருக்கைக்காரர்களைத் தாக்கினான். தடுக்கப் போன 38 வயதுக்காரர் உயிரிழந்தார். இரண்டு தடவையும் 'விமான நிலையம் போலச் சோதனை வை' என்ற பேச்சு எழுந்து அடங்கியது. 2021 ஜூலையில், ஒலிம்பிக்ஸுக்குச் சற்று முன், தேவைப்பட்டால் பையைத் திறந்து பார்க்க ரயில் ஊழியருக்கு அதிகாரம் தந்தார்கள். அதிகாரம் இருக்கிறது, என் பையை இன்றுவரை யாரும் திறந்ததில்லை.

ரயிலில் தாக்குதல் நடந்தால் என்ன செய்வது?

இது முக்கியம், மெதுவாகப் படியுங்கள். 2021 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. கியோ வழித்தடத்தில் ஷின்ஜுகு நோக்கிப் போன விரைவு வண்டியில் 24 வயதுக்காரன் ஒருவன் ஒரு முதியவரைக் குத்திவிட்டு, திரவம் ஊற்றித் தீ வைத்தான். பயணிகள் அவசரப் பொத்தானை அழுத்தினார்கள், வண்டி கொகுரியோ நிலையத்தில் நின்றது. ஆனால் நிற்க வேண்டிய புள்ளிக்குச் சற்றுத் தள்ளி நின்றதால் நடைமேடைக் கதவும் வண்டிக் கதவும் நேராக அமையவில்லை. விதிப்படி ஊழியர் கதவைத் திறக்கவில்லை. மக்கள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை.

மக்கள் தண்டவாளத்தில் விழக்கூடாது என்பதற்காக வைத்த கதவு. அன்று அதுவே அவர்களை அடைத்துவைத்தது. பிறகு விதியை மாற்றினார்கள்: பல பொத்தான்கள் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டால் நிலைமை மோசம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டி தள்ளி நின்றாலும் கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்ற வேண்டும். யாருடைய சுதந்திரத்தையும் தொடாமல் செய்த திருத்தம், ஆனால் இதைப் பற்றித் தொலைக்காட்சியில் விவாதமே இல்லை. கேமராவுக்குத்தான் விவாதம்.

உங்கள் வேலை இவ்வளவுதான்: பொத்தான் எங்கே என்று ஏறியதும் ஒரு தடவை பாருங்கள். ஓடுங்கள், அடுத்த பெட்டிக்குப் போங்கள். படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் கையால் திறக்கும் பிடி இருக்கும், ஆனால் வண்டி ஓடும்போது அதைத் தொடாதீர்கள், பக்கத்துத் தண்டவாளத்தில் வேறு வண்டி வரலாம்.

எல்லா இடத்திலும் கேமராவா? முகத்தை அடையாளம் காண்கிறார்களா?

கேமரா நிறைய. கியோ சம்பவத்துக்குப் பிறகு பெருநகரங்களில் புதிதாக விடப்படும் ரயில் பெட்டிகளுக்கும் ஷிங்கான்சென்னுக்கும் அது கட்டாயம் ஆகிவிட்டது. குற்றம் நடந்த பிறகு பிடிப்பதற்கு உதவும். பிடிபடத் தயாராக வருகிறவனை அது நிறுத்துமா என்பது வேறு கேள்வி.

முக அடையாளத்தில் ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. 2021-ல் கிழக்கு ஜப்பான் ரயில் நிறுவனம், ஒலிம்பிக்ஸ் காலத்தில் நிலையக் கேமராக்களில் முகம் கண்டறியும் முறையை இறக்கியது. சிறையிலிருந்து விடுதலையானவர்களையும் பரோலில் வந்தவர்களையும் தேடும் திட்டமும் அதில் இருந்தது என்று செப்டம்பரில் செய்தித்தாளில் வந்ததும் கடும் எதிர்ப்பு. தண்டனை முடித்து வெளியே வந்தவன் ரயிலேறினால் என்ன குற்றம் என்று கேட்டார்கள். நிறுவனம் அந்தப் பகுதியைக் கைவிட்டது. பத்திரிகை எழுதியிராவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

பிள்ளைகளைப் பள்ளிக்குத் தனியாக நடத்தி அனுப்புகிறார்களே, பயமில்லையா?

எனக்கு முதல் வருடம் வயிற்றைப் பிசைந்தது. இங்கே ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நடந்துதான் போகும்.

2001 ஜூன் 8 வரை பல பள்ளிகளின் வாசல் திறந்தே கிடந்தது. பள்ளி ஊருக்குச் சொந்தம், யாரும் வரலாம் என்பது அன்றைய எண்ணம். அன்று ஒசாகா பக்கம் இகேதாவில் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் திறந்த வாசல் வழியே ஒருவன் கத்தியோடு நுழைந்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கதவுகள் சாத்தப்பட்டன. பார்வையாளர் அட்டை வந்தது. ஆசிரியர் அறையில் 'சசுமாத்தா' என்ற கவைக்கோல் வந்தது, நீளக் கழியின் நுனியில் பிறைபோல் வளைந்த இரும்பு, ஆளைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க. சாமுராய் காலத்துச் சாமான். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தடவை அதைத் தூக்கிப் பார்த்தேன், நான் நினைத்ததைவிட லேசு. ஒரு ஆசிரியை தனியாக அதை வைத்து யாரையும் தடுக்க முடியாது, இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் முடியும். பயிற்சியும் அப்படித்தான் தருகிறார்கள்.

பிள்ளையின் பையில் இழுத்தால் அலறும் ஒரு மணி தொங்கும். வழியில் சில வீடுகள், கடைகள் வாசலில் 'குழந்தைகள் ஓடி வரலாம்' என்ற அடையாளம் ஒட்டியிருக்கும். காலையில் தாத்தாக்கள் கொடி பிடித்து நிற்பார்கள். வாசலை மூடினார்கள், ஆனால் குழந்தை நடப்பதை நிறுத்தவில்லை. அதை நிறுத்தியிருந்தால் என் பெண்ணின் நட்பு பாதியும் போயிருக்கும், அவள் தோழிகளோடு பேசுவதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிட நடையில்தான்.

தாக்குபவர்கள் மனநோயாளிகள்தானே? முன்கூட்டியே அடைத்து வைத்தால் என்ன?

இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், இங்கேதான் அதிகம் தவறும் நடக்கிறது. இகேதா கொலையாளி முன்பு ஒரு குற்றத்தில் மனநோய் என்று சொல்லித் தப்பியவன். அந்தக் கோபத்தில், குற்றம் செய்த மனநோயாளிகளைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பும் சட்டம் 2003-ல் நிறைவேறியது. ஆனால் நீதிமன்றம் அவனுக்கு முழுப் பொறுப்பும் உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் அன்று இருந்திருந்தாலும் இகேதாவுக்குப் பொருந்தியிருக்காது.

2016 ஜூலையில் சகாமிஹாராவில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் 19 பேரைக் கொன்றவன் அங்கேயே வேலை பார்த்தவன். கொல்லப்போகிறேன் என்று நாடாளுமன்றத் தலைவருக்குக் கடிதமே கொடுத்திருந்தான். பிப்ரவரியில் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்த்து மார்ச்சில் விட்டார்கள். அதன் பிறகு, வீடு திரும்பும் நோயாளிகளை அரசும் போலீஸும் சேர்ந்து பின்தொடர ஒரு திருத்த மசோதா வந்தது. நோயாளிகள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன: போலீஸ் வரும் என்று தெரிந்தால் யார் டாக்டரிடம் உண்மையைச் சொல்வார்கள்? 2017-ல் நாடாளுமன்றக் கீழவை கலைக்கப்பட்டபோது மசோதாவும் காலாவதியானது. அவனையும் நீதிமன்றம் மனநோயாளி என்று ஏற்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் வாழக் கூடாது என்று நம்பியவன் அவன். நோய் என்று பேசிப் பேசி, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்க மறந்தார்கள் என்பது என் வருத்தம்.

'ஹிக்கிகோமோரி' ஆட்கள் ஆபத்தானவர்களா?

இல்லை. ஆறு மாதத்துக்கும் மேலாக, சிலர் ஆண்டுக்கணக்கில், வீட்டைவிட்டு வெளியே வராதவர்களை அப்படிச் சொல்கிறார்கள். 40 முதல் 64 வயதுக்குள் மட்டும் 6.13 லட்சம் பேர் என்று 2019 மார்ச்சில் அரசு மதிப்பிட்டது. இரண்டே மாதத்தில், மே 28 அன்று, கவாசாகியில் பள்ளிப் பேருந்துக்கு நின்ற குழந்தைகளை 51 வயதுக்காரர் ஒருவர் தாக்கினார். ஒரு சிறுமியும் ஒரு தந்தையும் இறந்தார்கள். தாக்கியவர் வீட்டிலேயே கிடந்தவர் என்று செய்தி பரவியது. நான்கு நாள் கழித்து டோக்கியோவில், உயர் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் 44 வயது மகனைக் கொன்றார். கவாசாகிபோலத் தன் மகனும் செய்துவிடுவானோ என்று பயந்ததாகச் சொன்னார்.

அந்த மகன் தெருவில் யாரையும் தாக்கவில்லை. செய்தி வாசிப்பவர்கள் நாலு நாள் பயன்படுத்திய ஒரு சொல்லுக்கு என்ன கனம் என்று பாருங்கள்.

போலீஸ் நம்மைத் தெருவில் நிறுத்தினால்?

நிறுத்துவார்கள், நம் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. 1948-ஆம் ஆண்டுச் சட்டம், சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் நிறுத்திக் கேள்வி கேட்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பையைத் திறக்கச் சொன்னால் மறுக்கலாம். காகிதத்தில் அப்படி. நடைமுறையில் மறுத்தால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள், அரை மணி நேரம் போகும். வசிப்பிட அட்டை விஷயம் வேறு. 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், பணியிலிருக்கும் போலீஸ் கேட்டால் காட்டியே ஆக வேண்டும். வைத்திருக்காவிட்டால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம். குளிக்கப் போனாலும் அட்டையோடு போங்கள் என்று நாங்கள் கிண்டலாகச் சொல்வோம்.

என் நண்பர் ஒருவரை ஒரே ஸ்டேஷன் வாசலில் ஒரே மாதத்தில் மூன்று தடவை நிறுத்தினார்கள், மூன்று தடவையும் சைக்கிள் அவருடையதா என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பக்கத்தில் நின்ற அவர் மகன் அன்றிலிருந்து போலீஸைப் பார்த்தால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

இது நம் மனப்பிராந்தி இல்லை. இனம் பார்த்து நிறுத்துகிறார்கள் என்று 2021 டிசம்பரில் அமெரிக்கத் தூதரகமே தன் குடிமக்களை எச்சரித்தது. 2024 ஜனவரியில் வெளிநாட்டு வம்சாவளியினர் மூன்று பேர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். மேலே சொன்ன தாக்குதல்களில் ஒன்றைக்கூட வெளிநாட்டவர் செய்யவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

அரசியல்வாதிகளின் தெருப் பேச்சில் பாதுகாப்பு மாறிவிட்டதா?

நன்றாகவே மாறிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் ஒலிபெருக்கி வண்டி மேல் ஏறிப் பேசி, இறங்கிக் கைகுலுக்குவது இங்கத்துத் தேர்தல் அழகு. 2022 ஜூலை 8 அன்று நாராவில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கையால் செய்த துப்பாக்கியால் சுட்டார்கள். அடுத்த ஏப்ரலில் வகாயாமாவில் அன்றைய பிரதமர் கிஷிதாவின் மீது குழாய்க் குண்டு வீசினார்கள். அதன்பின் பை சோதனை, தடுப்பு, தள்ளி நில் என்று ஆகிவிட்டது.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 ஜூலையில் சப்போரோவில் அபே பேசியபோது 'அபே, பதவி விலகு' என்று கத்திய ஒருவரையும், வரி உயர்வுக்கு எதிராகக் கத்திய ஒரு பெண்ணையும் போலீஸ் பிடித்து அப்புறப்படுத்தியது. 2022 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அது பேச்சுரிமை மீறல் என்று இருவருக்கும் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. மூன்றே மாதத்தில் அபே கொல்லப்பட்டார். 'இந்தத் தீர்ப்பால்தான் போலீஸ் கை கட்டப்பட்டது' என்று சிலர் நீதிபதிகள் மேல் பாய்ந்தார்கள். நாராவில் சுட்டவன் கத்தவே இல்லை. சத்தமில்லாமல் பின்பக்கமாக வந்தான், பின்பக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. மேல்முறையீட்டில் ஆணுக்குச் சாதகமான தீர்ப்பு போனது, பெண்ணுக்கு நின்றது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே விட்டது.

கத்துகிறவனையும் சுடுகிறவனையும் ஒரே பட்டியலில் வைத்தால் போலீஸுக்கு வேலை சுலபம். நமக்குத்தான் கஷ்டம்.

சாரின் வாயு விட்ட ஓம் அமைப்பைத் தடை செய்தார்களா?

இல்லை, பலருக்கு இது ஆச்சரியம். 1995 மார்ச் 20 காலை, ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பைச் சேர்ந்தவர்கள் டோக்கியோவின் ஐந்து சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சு வாயுவை வைத்தார்கள். 14 பேர் இறந்தார்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். மத அமைப்பு என்ற சட்டத் தகுதியை நீதிமன்றம் பறித்தது. ஆனால் 1952-ஆம் ஆண்டின் நாசவேலைத் தடுப்புச் சட்டத்தில் அமைப்பையே கலைக்க அரசு கேட்டபோது, 1997 ஜனவரியில் அதற்கான ஆணையம் மறுத்துவிட்டது. இனியும் ஆபத்து உண்டு என்பதற்கு ஆதாரம் போதாது என்றது. பிறகு 1999-ல் தனிச் சட்டம் போட்டு, வாரிசு அமைப்புகளைக் கண்காணிப்பில் வைத்தார்கள். அதில் ஒரு நல்ல பூட்டு இருக்கிறது: கண்காணிப்பு உத்தரவு மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது, நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி காரணம் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் நீட்டித்துத்தான் வருகிறார்கள், ஆனாலும் கேட்டு நீட்டிப்பதற்கும் கேட்காமலே நீள்வதற்கும் வித்தியாசம் உண்டு.

இன்னொன்று. 1994 ஜூனில் மாட்சுமோட்டோ ஊரில் இதே கும்பல் சாரின் விட்டது. முதலில் புகார் சொன்ன மனிதரையே போலீஸ் சந்தேகித்தது, பத்திரிகைகள் குற்றவாளியாகவே எழுதின. அவருடைய மனைவி அந்த வாயுவால் நினைவிழந்து கிடந்தார். அந்த ஒன்பது மாதம் உண்மையான கும்பல் வெளியே இருந்தது.

தூக்குத் தண்டனை இருந்தும் ஏன் பயமில்லை?

சிலருக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. 2008-ல் சுச்சியுரா என்ற ஊரில் வழிப்போக்கர்களைக் குத்தியவனும், கியோ ரயிலில் தீ வைத்தவனும் தூக்கு வேண்டும் என்றே செய்ததாகச் சொன்னார்கள். ஷிங்கான்சென் கோடரிக்காரன் ஆயுள் சிறை கேட்டான், தீர்ப்பைக் கேட்டதும் நீதிமன்றத்திலேயே 'பான்ஸாய்' என்று வெற்றிக் கோஷம் போட்டான். நீதி அமைச்சகத்தின் ஆய்வு மையம் இப்படிப்பட்ட 52 பேரை ஆராய்ந்து 2013-ல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலோர் ஆண்கள், நிலையான வேலையும் நெருங்கிய நண்பரும் இல்லாதவர்கள். நண்பன் இல்லாதவன் எல்லாம் கத்தி எடுப்பதில்லை. ஆனாலும் தண்டனையைக் கூட்டுவதைவிட வேலை வாய்ப்பு அலுவலகத்தில் ஒரு நாற்காலியைக் கூட்டுவது பயன் தரலாம் என்று அதைப் படித்தபோது தோன்றியது.

கடைசியாக, ஸ்டேஷனில் குப்பையை எங்கே போடுவது?

1995-க்குப் பிறகு தொட்டிகளை எடுத்தார்கள். பத்தாண்டு கழித்து உள்ளே இருப்பது தெரிகிற மாதிரிக் கண்ணாடித் தொட்டி வந்தது. 2022 ஜனவரியில் டோக்கியோ மெட்ரோ அதையும் எடுத்துவிட்டது, பயங்கரவாதத் தடுப்பும் செலவும் காரணம் என்றார்கள். எது பெரிய காரணம் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத் தோலைப் பையில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவாருங்கள். எரியும் குப்பைக்கு எங்கள் கட்டடத்தில் செவ்வாயும் வெள்ளியும், காலை எட்டு மணிக்குள்.